மீதி வந்த பகா எண்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மீதி. முகத்துக்கு நேரே சார், முதுகைத் திருப்பினால் மீதி. எவன் என்ன எண்ணைச் சொன்னாலும் சரி, வண்டி நம்பரோ தேர்வு நம்பரோ, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இது பதிமூணால போயிடும்பா" என்பார். போகாத எண் கிடைத்துவிட்டால் முகமே மாறிவிடும். "எதால வகுத்தாலும் மீதி வருது, பகா எண், பத்திரமா வச்சுக்கோ" என்பார், ஏதோ நிலப் பத்திரத்தைக் கையில் கொடுப்பதுபோல. வாங்கிக்கொண்டவன் வெளியே போய்ச் சிரிப்பான். அதுவும் அவருக்குத் தெரியும்.

லேப் அசிஸ்டென்ட் என்றால் வெள்ளைக் கோட்டு, ஆராய்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் கதவைத் திறப்பது, மவுஸ்களை எண்ணுவது, நொறுக்குத்தீனி விழுந்த கீபோர்டுகளைத் தலைகீழாகத் தட்டுவது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாதம் ஒருமுறை ஒவ்வொரு மெஷினையும் கழற்றி ப்ளோயரால் தூசி அடிப்பது. இவ்வளவுதான் வேலை. சுவரில் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: 'மெஷின் சூடானால் தவறாக வேலை செய்யும். காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள்.' ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மா சொல்லிவைத்த பேச்சில்லை.

கணக்கில் பட்டம் வாங்கியவர். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டு நேர்முகத்துக்குப் போனார். அங்கே கேட்ட கேள்விகளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பதில் தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. திரும்பி வந்து, தற்காலிகம் என்று லேபில் சேர்ந்தார். அந்தத் தற்காலிகத்தில் தலை நரைத்தது, மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

இப்படி நகர்ந்த வாழ்க்கையில் ஒரு விஷயம்தான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. உலகத்தில் இதுவரை யாரும் அறியாத மாபெரும் பகா எண்களைத் தேடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். பட்டம் கேட்பதில்லை, நேர்முகம் கிடையாது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். சோதித்துப் பார்க்க ஒரு எண்ணை அனுப்புவார்கள், உங்கள் மெஷின் மாதக்கணக்கில் உருட்டி விடை சொல்லும். பகா எண் என்று தேறிவிட்டால் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைப் போடுவார்கள். அரசாங்கம் மாறும், கட்டிடம் இடியும், பகா எண் மட்டும் ஒருநாளும் பகு எண்ணாகிவிடாது. அதோடு ஒட்டிய பெயரும் அப்படியே நிற்கும். நேர்முகத்தில் திறக்காத வாய்க்கு அதுவே பதில் என்று அவர் நினைத்தார்.

கழித்துக்கட்டிய லேப் மெஷின்களிலிருந்து, முறைப்படி கேட்டு வாங்கிய உதிரிகளைக் கொண்டு ஒரு மெஷினை ஒட்டுப்போட்டார். வீட்டில் அதை வைக்க இடமில்லை. இருந்தது ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து இருந்தது. அங்கே ஒரு முக்காலி போட்டு ஏற்றினார். அதன் பின்பக்கம் வீசும் வெப்பக் காற்றில் அவர் மனைவி கைக்குட்டைகளையும் உள்பாவாடை நாடாக்களையும் உலர்த்திக்கொண்டாள். "இந்தக் கணக்கால எனக்கு ஆன ஒரே உபகாரம் இதுதான்" என்பாள்.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க" என்று வாரம் ஒருமுறை சொல்வாள். ஆனால் மின்சாரம் போனதும் அவரைவிட முன்னால் சந்துக்கு ஓடி, மெஷின் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பவளும் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்படி என்னதான் பண்ணுது அது? ரெண்டு மாசமா ஒரே எண்ணை வச்சுக்கிட்டு?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவர் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போ. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. அதுல ஒண்ணு கழி. முப்பத்தொண்ணு. இந்த மாதிரி எண்கள்லதான் நாங்க தேடறோம். எங்களோடது ரெண்டு கோடி இலக்கம். அச்சடிச்சா பீரோவுல ரெண்டு தட்டு நிறையும். அதை மெஷின் பாஷையில எழுதினா வெறும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுதான். நடுவுல ஒரு பூஜ்யம்கூட இருக்காது."

"எல்லாம் ஒண்ணுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் என்ன தேடல்?"

"அது எதாலயாவது வகுபடுதான்னு தெரியணும்ல. ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்தா இந்த உலகம் முடிஞ்சாலும் கணக்கு முடியாது. அதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. நாலுல ஆரம்பி. அதை அதாலயே பெருக்கு, ரெண்டைக் கழி. வந்ததை நம்ம எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோ. மறுபடி பெருக்கு, ரெண்டைக் கழி, மீதி எடு. முப்பத்தொண்ணுக்கு இப்படி மூணு தடவை. கடைசில மீதி பூஜ்யம் வந்தா அது பகா எண். வரலைன்னா இல்லை. எங்க எண்ணுக்கு ஆறரைக் கோடி தடவைக்கு மேல பண்ணணும்."

அவள் கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முப்பத்தொன்றுக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு. பதினாறில் ரெண்டு போக பதினாலு. பதினாலைப் பதினாலால் பெருக்கி ரெண்டைக் கழிக்க நூற்றுத் தொண்ணூற்று நாலு. அதை முப்பத்தொன்றால் வகுத்து மீதி ஒன்பது என்று எழுதினாள். பிறகு எண்பத்தொன்று, எழுபத்தொன்பது, கடைசியில் மீதி பதினேழு.

"பூஜ்யம் வரலையே. அப்போ முப்பத்தொண்ணு பகா எண் இல்லையா?"

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "மீதி எட்டு. ஒன்பதுன்னு போட்டிருக்க. நீ ஒரு எடத்துல தப்பு பண்ணினா அதுக்கப்புறம் எல்லாமே குப்பைதான். அதுக்காக முப்பத்தொண்ணு பகா எண் இல்லாம போயிடுமா?"

பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இன்னொன்றும் சொன்னார். இந்தச் சோதனையில் தப்பு நேர்ந்தால் அது ஒரு திசையில்தான் நேரும். தப்பான கணக்கு தட்டுத்தடுமாறிச் சரியாகப் பூஜ்யத்தில் வந்து விழ வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் சாதா எண் பகா எண் ஆகிவிடாது. ஆனால் உண்மையான பகா எண் சாதா எண்ணாகிக் குப்பைக்குப் போய்விடும். தப்புக்கு எடுக்கத் தெரியும், கொடுக்கத் தெரியாது. அதனால்தான் அந்தக் கூட்டத்தில் எந்த எண்ணையும் ஒருமுறையோடு விடுவதில்லை. சில வருடங்கள் கழித்தாவது வேறொருவர் மெஷினில் இரண்டாம் முறை ஓட்டுவார்கள்.

"அப்போ உங்க மெஷினும் தப்பு பண்ணும்னு சொல்லுங்க."

"மத்தவங்க மெஷின் பண்ணும்" என்றார் அவர்.

எண்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு நீளமான மீதியைக் காட்டிவிட்டுப் போனது. ஒவ்வொரு புது எண் வந்தபோதும், "இதுல என்னவோ இருக்கு, பாரேன்" என்பார். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்பாள். இரண்டுமே உண்மைதான்.

அந்த வருடம் வந்த எண்ணுக்கும் அப்படித்தான் சொன்னார். அது பாதிக்கு மேல் ஓடியபோது அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் வாயு என்றாள், பிறகு வயசு என்றாள். ஒருநாள் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோதே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். தெருமுனை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அப்புறம் அவரிடம் சிரிப்பில்லை. மகள் இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போய்ச் சோதித்துவிடச் சொன்னார்.

"எவ்வளவு சீக்கிரம் போகணும் டாக்டர்?"

"நாள் தள்ளாதீங்க."

நாள் தள்ளாதே என்றால் இன்றே போ என்று அர்த்தமில்லை என அவர் கணக்குப் போட்டார். முப்பத்தொன்றுக்கு மீதி எட்டு என்று நொடியில் சொல்கிற மூளை இதைப் போய் இப்படிப் போட்டது. எண் முடிய மூன்று வாரம் இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், மின்சாரம் போய் மெஷின் நின்றால், மறுபடி கிளப்ப ஆளில்லை. பாதியில் விட்டால் எண்ணை வேறு யாருக்காவது மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

"இந்த ஒண்ணு மட்டும் முடியட்டும். அப்புறம் மெஷினை நிறுத்திட்டு, நிம்மதியா போய், மக வீட்டுலயே கொஞ்ச நாள் இருந்துட்டு வருவோம்."

அவள் மறுத்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்கும். அவள் மறுக்கவில்லை. "சரி, இவ்வளவு நாள் ஓடிச்சு, முடிச்சிட்டே வாங்க. நீங்க இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்றது" என்றாள். மகள் போனில் அழுதாள், கத்தினாள். "ரெண்டு வாரத்துல வந்துடறோம்மா" என்று அவர் ஒரு வாரத்தைக் குறைத்துச் சொன்னார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். செய்யக்கூடாது என்று மாணவர்களைத் திட்டித் தீர்த்த அதே காரியம். அவளுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஏற்றினார். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தார். சந்தில் அனல் வீசியது. லேபில் மாதம் தவறாமல் ப்ளோயர் பிடித்தவர், வீட்டு மெஷினின் விசிறியில் ஒட்டடைபோலப் படிந்திருந்த தூசியைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. நிறுத்தித் துடைத்தால் நேரம் போய்விடுமே.

குளிக்கப் போகிற வழியில் அவள் புறங்கையால் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள், குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல.

"என்னங்க, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது."

"அது எப்பவும் அப்படித்தான்."

"இல்லங்க, முன்னாடி கைக்குட்டை காயும். இப்போ கையைச் சுடுது."

அவர் திரையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டார். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று வாரம் என்றிருந்த எண் நாலைந்து நாள் முன்னதாகவே முடிந்தது. பூஜ்யம் வரவில்லை. மீதிதான் வந்தது. எத்தனையோ தடவை பார்த்த திரைதான், ஆனால் இந்தத் தடவை அவரால் தாங்க முடியவில்லை. மனைவியின் வலியை ஒரு தட்டிலும் இந்த எண்ணை மறுதட்டிலும் வைத்து நிறுத்தவர் அவர். இப்போது எண் இருந்த தட்டு காலியாகிப்போனது. சந்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"விடுங்க. அவ்வளவு சூட்டுல ஓடிச்சே, எங்கயாவது தப்பு விட்டிருக்கும். நான் முப்பத்தொண்ணுக்குப் போட்டேனே, அந்த மாதிரி. ஊருக்குப் போயிட்டு வந்து மறுபடி போட்டுப் பாருங்க."

"உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினார் அவர். அத்தனை வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை. "ஒரு வகுத்தல் ஒழுங்கா போடத் தெரியாது, மெஷினுக்குச் சொல்ல வந்துட்டா. வாயை மூடிக்கிட்டுப் பெட்டியைக் கட்டு."

அவள் பெட்டியைக் கட்டினாள். அதற்குப் பிறகு பேசினாள், சிரித்தாள், மகள் வீட்டில் பேரனைக் கொஞ்சினாள். எண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாயை மூடச் சொன்ன அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார்கள். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாது. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டாவது மெஷின் எதுவும் கிடையாது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "அந்த மூணு வாரம் எதுக்குப்பா?" அன்றிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வச்சிடறேன். அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்குத் திரும்பினார். மெஷினை மறுபடி ஓட்டவில்லை. எண்ணைப் பகு எண் என்று கூட்டத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சந்தில் அது ஒரு துணி போர்த்தி நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாணவர்கள் மாலை போட்டார்கள். ஒரு துடுக்கான பையன் மாலையிலிருந்த பூக்களை எண்ணச் சொன்னான். அவர் எண்ணவில்லை. மீதி சாருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்குள் தேடுகிற முறையே மாறிவிட்டது. கணக்கு நடக்கும்போதே, வழியிலேயே பிழையைப் பிடித்துவிடுகிற உபாயம் வந்துவிட்டது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். நல்லது என்று தலையாட்டினார், ஊர் விட்டுப் போனபின் வீட்டுக்கு வாசல் வைத்த கதையைக் கேட்பதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கூட்டத்தைக் கவனித்துக்கொள்கிறவர் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். நீங்கள் முன்பு சோதித்த எண்ணை வழக்கம்போல இரண்டாம் முறை வேறொருவர் ஓட்டினார். பூஜ்யம் வந்தது. நம்பாமல் வேறு வேறு மெஷின்களில் வேறு வேறு புரோகிராம்களில் ஓட்டினோம். எல்லாவற்றிலும் பூஜ்யம். அது பகா எண். விதிப்படி கண்டுபிடித்தவர் பெயர் அந்த இரண்டாமவருடையது, வருந்துகிறோம். உங்கள் விடையில் பிழை எப்படி நேர்ந்தது என்று நினைவிருந்தால் சொல்ல முடியுமா? மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்.

முதலில் அவருக்கு எண்தான் நினைவுக்கு வந்தது. மனுஷ மனசு அப்படித்தான். ரெண்டு கோடி இலக்கம், எல்லாம் ஒன்று, நடுவே ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது, அது தன் வீட்டுச் சந்தில், தன் முக்காலியில் இருந்தது. அது எப்போதும் பகா எண்தான். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோதும் பகா எண், கத்தியபோதும் பகா எண், அவள் பெட்டி கட்டியபோதும் பகா எண். அப்புறம்தான் அந்தப் புறங்கை நினைவுக்கு வந்தது. மெஷினுக்குக் காய்ச்சல் என்றவள். மறுபடி போட்டுப் பாருங்க என்றவள். அவளுக்காக என்று ஏற்றிய வேகம் எண்ணைக் கொன்றது. எண்ணுக்காக என்று கழித்த வாரங்கள் அவளை என்ன செய்தனவோ தெரியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவனுக்கு இரண்டும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நியாயமாக அந்த வாயை அன்றைக்குப் பொத்தியிருக்க வேண்டும்.

சந்துக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தார். விசிறியில் தூசி அப்படியே இருந்தது. திரும்பி வந்து கடிதத்துக்குப் பதில் அடித்தார். நீளமாக எழுத நினைத்து, எழுதி எழுதி அழித்து, கடைசியில் இரண்டு வரிதான் நின்றது. 'வேகத்தைக் கூட்டியிருந்தேன், மெஷின் மிகவும் சூடாக இருந்தது. என் மனைவி அப்போதே சொன்னாள், நான் கேட்கவில்லை.'

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. அன்புள்ள மனிதர்தான். 'மிக்க நன்றி. உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. அவரிடம் எங்கள் எல்லோருடைய நன்றியையும் மறக்காமல் சொல்லுங்கள்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகளின் அழைப்பு வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"மாத்திரை?"

"போட்டேன்மா. ஒரு விஷயம்... அம்மாவுக்கு ஒருத்தர் நன்றி சொல்லச் சொல்லியிருக்கார்."

"எந்த அம்மாவுக்கு?"

"நம்ம அம்மாவுக்குத்தாம்மா. அந்தக் கடைசி எண்... மெஷின் தப்பு பண்ணியிருக்கும்னு அம்மா சொன்னா. நான் திட்டிட்டேன். இப்போ பாத்தா அது பகா எண்தானாம். அம்மா சொன்னதுதான் சரியாம்."

மறுமுனையில் பேரன் எதையோ போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது. மகள் அவனை அதட்டவில்லை.

"இதை ஏம்ப்பா என்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

வேறு யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். பழைய நேர்முகத்தில் ஆனதுபோலவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வச்சிடறேன்ப்பா" என்றாள் மகள். வைத்துவிட்டாள்.